இடம் பெயரும் மதிப்பும் நிலைத்த ஆன்மாவும்

ஒரு பொருள் நேற்றும் இன்றும் அதே பொருளாக இருக்க வேண்டுமென்றால், மாற்றங்களுக்கெல்லாம் அடியில் மாறாத ஒன்று இருந்தாக வேண்டுமா? வேண்டாம் என்றனர் பௌத்தர். வேண்டும் என்றனர் நியாய மரபினரான நையாயிகரும் சைவ சித்தாந்திகளும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிற கொள்கைகளை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில், பௌத்தரின் நான்கு பிரிவுகளையும் எடுத்து மறுத்தார். இந்தப் பழைய வழக்குக்குப் புதிய சாட்சி ஒன்று உண்டு: நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர், நிரலின் மாறிகளுக்கு ரெஜிஸ்டர் என்ற, செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தை ஒதுக்கும் விதம். மூலநிரல் திறந்து கிடக்கும் எல்எல்விஎம் கம்பைலரில் அதை எவரும் வரிவரியாகப் படிக்கலாம். அந்தச் சாட்சியம் பௌத்தர் பக்கம் சாய்கிறது என்பது என் கருத்து. ஆனால் அவர்கள் விரும்பும் தூரம் வரை அல்ல.

நிரல் எழுதுபவர் ஒரு மாறிக்குப் பெயர் வைத்துவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை அது ஒன்றே என்று நம்புகிறார். கம்பைலர் அந்த நம்பிக்கையைத்தான் முதலில் கலைக்கிறது. எஸ்எஸ்ஏ என்ற இடைநிலை வடிவில், மாறிக்குள் புதிதாக மதிப்பு ஏற்றப்படும் ஒவ்வொரு முறையும் புதுப்பெயர் பிறக்கிறது. பிறகு, வீணாகப் பிரதி எடுக்க நேராதபடி, சில பெயர்களை மறுபடி ஒட்டவைக்கிறது. அங்கே ஒருமை என்பது கண்டெடுத்த உண்மை அல்ல, வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. அடுத்து இடப் பிரச்சினை வருகிறது. எக்ஸ்86-64 செயலியில் பொதுப்பயன் ரெஜிஸ்டர்கள் 16தான். அவற்றிலும் ஒன்று, நினைவகத்தில் உள்ள ஸ்டாக் என்ற பகுதியின் முனையைச் சுட்டுவதற்கே போய்விடும். மதிப்புகளோ நூற்றுக்கணக்கில் இருக்கலாம். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் கிரெகரி சைட்டினும் உடனிருந்தோரும் இதை, ஒரே நேரத்தில் தேவைப்படும் மதிப்புகளுக்கு ஒரே நிறம் வராதபடி வரைபடத்துக்கு நிறம் தீட்டும் கணக்காக மாற்றினர். பொதுநிலையில் அதற்கு விரைவான தீர்வு யாருக்கும் தெரியாது. ஆகவே 2011இல் வெளிவந்த எல்எல்விஎம் 3.0 முதல், நிரலைச் செம்மைப்படுத்தும்போது இயல்பாக இயங்கும் ‘கிரீடி’ முறை, உத்திகளைக் கொண்டே ஒப்பேற்றுகிறது. ஒவ்வொரு மதிப்பின் ஆயுளுக்கும் ஓர் எடை போடுகிறது. லூப்புக்குள் அடிக்கடி பயன்படுவதற்கு எடை கூடுதல். எடை மிக்கது வந்தால், ரெஜிஸ்டரில் முன்பே குடியேறியிருந்த எடை குறைந்தது வெளியேற்றப்படும். அதன் ஆயுளைத் துண்டுபோட்டு ஒரு பகுதியை ரெஜிஸ்டரிலும் மறு பகுதியை ஸ்டாக்கிலும் வைப்பதுண்டு. எனக்கு வியப்பூட்டுவது இன்னொரு வழி: மதிப்பைக் காப்பாற்றும் செலவைவிட மீண்டும் கணக்கிடுவது மலிவு என்றால், அதை அப்படியே கைவிட்டு, தேவைப்படும் இடத்தில் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. இடையில் அந்த மதிப்பு எங்குமே இல்லை. ஆனாலும் நிரலின் விடை துளியும் பிசகுவதில்லை.

நிலைத்த தாங்கி வேண்டும் என்பவருக்கு இது சங்கடம். ரெஜிஸ்டரே அந்தத் தாங்கி, சிலிக்கானில் அது அசையாமல் இருக்கிறதே என்று அவர் சொல்லலாம். ஆனால் ஒரே ரெஜிஸ்டர் அடுத்தடுத்து தொடர்பில்லாத பல மதிப்புகளைத் தாங்குகிறது. ஒரே மதிப்பு பல ரெஜிஸ்டர்களில் அலைகிறது. தாங்கியின் ஒருமையும் தாங்கப்படுவதன் ஒருமையும் ஒத்துப்போகவில்லை. மூலநிரலில் உள்ள பெயர்தான் நிலையானது என்றாலும் நிற்காது. பிழை தேடும் கருவியான டிபக்கருக்காகக் கம்பைலர் எழுதிவைக்கும் குறிப்பு, எந்த முகவரி முதல் எந்த முகவரி வரை மாறி எங்கிருந்தது என்ற பட்டியல்தான். பட்டியலில் இடைவெளி விழுந்த இடத்தில் கேட்டால், மாறி நீக்கப்பட்டுவிட்டது என்று டிபக்கர் கைவிரிக்கும். எஞ்சுவது ஒன்றே: இங்கே உண்டானது அங்கே பயன்படுகிறது என்ற காரண காரியத் தொடர். செயல் விளைவிக்கும் ஆற்றலே இருப்பின் இலக்கணம் என்ற பௌத்த அறிஞர் தர்மகீர்த்தியின் கொள்கைக்கு இது மிக நெருக்கம். கம்பைலரின் கணக்கில், இனிப் பயன்படப்போகாத மதிப்பு அந்தக் கணமே இறந்தது. (பௌத்தர் சொல்லும் கணந்தோறும் அழிவு என்பதற்கு மட்டும் இங்கே சான்றில்லை. ஒரு மதிப்பு நூறு கட்டளைகளைத் தாண்டியும் மாறாமல் வாழலாம்.)

வலுவான ஆட்சேபம் வேறு. விதைத்தவனே அறுக்க வேண்டும், கண்டவனே நினைவுகூர வேண்டும். தொடர் மட்டும் இருந்தால் வினைப்பயனை நுகர்பவன் யார்? வினைப்பயன் உரிய இடத்தில் போய்ச் சேர்வதற்குத் தொடரே போதும் என்று ரெஜிஸ்டர் ஒதுக்கீடு காட்டுகிறது. ஒரு மதிப்பு தவறான கட்டளைக்குப் போகாமல் காப்பது அந்தத் தொடரைப் பற்றிய கணக்குதான். ஆனால் நுகர்வு என்பது சேர்வது மட்டுமல்லவே. எந்த மதிப்பும் தான் இடம்பெயர்ந்ததை அறிவதில்லை. அறிபவர் வெளியே, திரைக்கு முன்னால் இருக்கிறார். சித்தாந்தி ஆன்மாவைக் கேட்பது அந்த அறிபவருக்காகத்தான். ஆகவே, ஒன்று தொடர்ந்து ஒன்றாயிருக்க மாறாத பொருள் தேவை என்ற வாதம் இங்கே தோற்கிறது. அறிவு தோன்ற அறிபவன் தேவை என்ற வாதத்தைக் கம்பைலர் தொடவே இல்லை. ஆன்மாவை நிறுவ விரும்புவோர் முதல் வாதத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்வதே நல்லது.