நின்ற எழுத்தாணி

ஓர் ஆசிரியர் தம் நூலைத் திருத்தி எழுதும்போது முந்திய வடிவம் பொய்யாகிவிடுகிறதா, அன்றி உண்மையே அவருக்குப் படிப்படியாகப் புலப்படுகிறதா என்னும் வினா, பாடபேத ஆராய்ச்சியின் எல்லைக்குள் அடங்கிவிடுவதன்று. அச்சுப்படிகளிலும் ஓயாது திருத்திய டால்ஸ்டாயைப் பற்றிப் படித்தவர்களும், பத்திரிகை வடிவங்களை ஒப்புநோக்கி ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளைப் பயின்றவர்களும், அம்மாற்றங்களைப் பெரும்பாலும் நடையின் செம்மை என்றே கொள்வர். அவற்றில் ஆத்ம பரிசோதனையும் உண்டென்பது என் துணிபு. அதற்கு ஆதாரம் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த மகானாகிய ராமாநுஜரின் சரித்திரத்திலேயே கிடைக்கிறது.

1017இல் அவதரித்ததாக மரபு கூறும் ராமாநுஜர் பிரம்மசூத்திர உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லிவர, ஏட்டில் எழுதியவர் அவருடைய சீடர் கூரத்தாழ்வான். தமக்கு இசையாத கருத்து வருமாயின் எழுதுவதை நிறுத்திவிடும்படி ஆசாரியரே முன்னதாகப் பணித்திருந்தார். ஜீவனின் ஸ்வரூபம் அறிவுடைமை என்று மட்டும் அவர் சொன்ன இடத்தில், இறைவனுக்கே உரியதாயிருத்தலாகிய சேஷத்வம் விடுபட்டது கண்டு ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. ஆசாரியர் சினந்தார், பின்னர் தனித்திருந்து ஆராய்ந்து, சீடர் நின்ற இடமே தக்கதெனத் தெளிந்து, திருத்திச் சொன்னார். எம்பெருமானார் என்று தாம் வணங்கும் ஒருவர் தடுமாறிய கணத்தை அவருடைய பக்தர்களே குருபரம்பரைக் கதைகளில் மறைக்காமல் காத்து வைத்தார்களே, அந்த நேர்மையை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அவர் பிறந்த ஊரைச் சூழ்ந்து இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இன்று கார்த் தொழிற்சாலைகள் பரந்திருக்கின்றன. குறை கண்ட தொழிலாளி லைனை நிறுத்தலாம் என்பது இக்காலத்து உற்பத்தி முறையில் போற்றப்படும் ஒரு கொள்கை. ஆயினும் அங்கே வரைபடம் முன்பே முடிவானது. அதனின்று விலகியதே குறை. ஆழ்வான் நிறுத்தியபோதோ வரைபடமே கேள்விக்குள்ளாயிற்று.

இதனினும் வியப்பானது, ராமாநுஜருக்குப் பின்வந்த வைஷ்ணவ ஆசாரியராகிய நஞ்சீயரின் வரலாறு. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குத் தாம் செய்த ஒன்பதினாயிரப்படி என்னும் வியாக்கியானத்தைப் படியெடுக்க வரதராஜர் என்பவரிடம் அவர் கொடுத்தார். காவிரியைக் கடக்கையில் மூல ஏடு வெள்ளத்தில் போயிற்று. வரதராஜர் நினைவிலிருந்தே முழுவதையும் எழுதினார். சிற்சில இடங்களில் தமக்குத் தோன்றிய நயமான பொருள்களும் சேர்ந்தன. அதைக் கண்ட நஞ்சீயர் இழந்த ஏட்டுக்காக வருந்தாமல், 'நம்பிள்ளை' என்று அவரைத் தழுவிக்கொண்டார். மூலபாடம் எதுவெனத் தேடும் பதிப்பாசிரியர் இவ்விடத்தில் திகைக்கக்கூடும். எனக்கு ஐயமில்லை: நஞ்சீயர் ஏற்றுக்கொண்டதே மூலம், வைஷ்ணவ உலகமும் அதை இன்றளவும் நஞ்சீயரின் வியாக்கியானம் என்றே ஓதிவருகிறது.