கவசம் தரும் துணிச்சல் யாருடையது?

1995 மே மாதம், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு குதிரை தடைக்கு முன்னால் சட்டென நின்றுவிட்டது. 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் தலைகுப்புற விழுந்தார். தலைக்கவசம், உடற்கவசம் இரண்டுமே அணிந்திருந்தார். முறிந்ததோ கழுத்து.

விதி என்று சொல்லிவிடலாம். ஆனால் உடற்கவசம் விலா, மார்பு, முதுகோடு நின்றுவிடும். கழுத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. இந்தக் கவசங்களுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 13158 மூன்று பாதுகாப்பு நிலைகளை வகுக்கிறது. தடை தாண்டுவோர் மூன்றாம் நிலையை வாங்குவதே நல்லது. கவசம் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், உட்காரும்போது சேணத்தில் இடிக்கக் கூடாது.

பாதுகாப்பு கூடினால் துணிச்சலும் கூடும் என்று 1975இல் கார்களை வைத்து வாதிட்டார் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன். அதற்காகக் கவசத்தைக் கழற்றுவது அசட்டுத்தனம். இருந்தும், அந்தத் துணிச்சலுக்குக் குதிரையும் விலை கொடுக்கிறது. அதன் சம்மதத்தை யார் கேட்டார்கள்? பலமாக மோதினால் சரிந்துவிடும் தடைகள் இப்போது போட்டிகளில் வந்திருக்கின்றன. அவை குதிரையையும் காக்கின்றன.