புல் விரிக்கும் முன்

பெங்களூரில் புதிதாக வீடு கட்டிய நண்பர் ஒருவர், கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாட்கள் முன்பு வீட்டின் முன்புறம் புல்தரை அமைத்தார். நர்சரியில் மண்ணோடு பெயர்த்தெடுத்த புல்துண்டுகளைக் கட்டாந்தரையின்மேல் வரிசையாகப் பரப்பி நீர் தெளித்தார்கள். வந்தவர் அனைவரும் வியந்து பாராட்டினர்.

ஒரு மாதம் கழித்துச் சென்றபோது அந்தப் பச்சைப் பரப்பைத் துளைத்துக்கொண்டு கோரை நிமிர்ந்து நின்றது. பல இடங்களில் புல் பழுப்பேறியிருந்தது. ஒரு துண்டின் ஓரத்தைத் தூக்கினால் அது வேர் பிடிக்காமல் கையோடு வந்தது. அங்கு வந்த முதிய தோட்டக்காரர் சொன்னார்: "புல்மேல் குற்றமில்லை ஐயா. மண்ணை யாரும் கேட்கவில்லை."

அவர் சொன்னது மண்ணுக்கு மட்டும் பொருந்துவதா? பொறுமை, பணிவு, இன்சொல் ஆகியவற்றை நாம் வேர் பிடிக்கச் செய்கிறோமா, அல்லது விருந்தினர் வரும் நாளுக்காக மேலே பரப்பி வைக்கிறோமா?

தோட்டக்காரர் வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, கட்டட வேலையில் புதைந்த செங்கல் துண்டுகளையும் சிமெண்ட் கட்டிகளையும் அகற்றினார். கோரையிடம் மட்டும் அவர் வேகம் காட்டவில்லை. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும். ஆத்திரத்தில் மண்வெட்டியை வீசினால் சங்கிலி அறுபடும். அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைத்தெழும். ஆகவே கையால் மண்ணை உதிர்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தம் குறைகளின்மீது சினந்து பாய்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். சுயவெறுப்பு சுயசீர்திருத்தம் ஆகாது.

அடுத்து அவர் செய்தது நண்பருக்கு வியப்பளித்தது. வெறும் மண்ணுக்கு நீர் விட்டுக் காத்திருந்தார். இரண்டு வாரங்களில் களைகள் முளைத்தன. அவற்றை நீக்கி மறுபடியும் நீர் விட்டார். ஒளிந்திருக்கும் விதையை வெளியே அழைக்க வேறு வழியில்லை.

"தியானத்தில் அமரத் தொடங்கிய பிறகுதான் தீய எண்ணங்கள் மிகுதியாக எழுகின்றன" என்று வருந்தும் அன்பர்கள் பலர். நீர் களையைப் படைப்பதில்லை; இருந்ததைக் காட்டுகிறது. அந்தக் காட்சியில் மனம் தளர்ந்து நீரை நிறுத்திவிடுபவர், பாதி வேலையில் தோட்டத்தை விட்டுச் செல்பவர் ஆகிறார்.

அப்படியானால் உள்ளம் முழுவதும் தூய்மையான பிறகே நற்செயலைத் தொடங்க வேண்டுமா? இங்கும் மண்ணே விடை தருகிறது. வெறும் மண் வெறுமையாக இருப்பதில்லை. காற்று புதிய விதைகளைக் கொண்டுவந்தவண்ணம் இருக்கும். மூன்றாம் முறை களைந்ததும் தோட்டக்காரர் காத்திருக்கவில்லை. மக்கிய எருவைக் கலந்தார். சுவரோரம் நீர் தேங்காதவாறு சரிவாகச் சமன்செய்து உருளையால் அழுத்தினார். மண்ணை நனைத்து, துண்டுகளுக்கிடையே இடைவெளி விழாமல் புல்லைப் பதித்தார். அடர்ந்து வளரும் புல்லே எஞ்சிய களைகளுக்கு வெயில் கிடைக்காமல் செய்துவிடும். நல்ல பழக்கமும் அத்தகையதே. அது தூய்மையின் பயன் மட்டுமன்று. தூய்மைக்குக் காவலும் ஆகும்.

அதன்பின் சில வாரங்கள் அவர் எவரையும் அதன்மேல் நடக்க விடவில்லை. புதிதாக மேற்கொண்ட விரதத்தைப் பலர் முன் பேசிக் களைப்பாக்காமல் காப்பதும் இதுபோன்றதே.

கீதையின் 13-ஆம் அத்தியாயம் இந்த உடலை க்ஷேத்திரம், அதாவது வயல், என்று குறிக்கிறது. வயல் நமக்கு அளிக்கப்பட்டது. பண்படுத்துவது நம் கடமை.

புல் வேர் பிடித்ததா என்பதை அறிய, தோட்டக்காரர் ஓரத்தை மெல்ல இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. எவரும் பாராட்டாத நாளில், எதிர்பாராமல் ஒருவர் நம்மைச் சீண்டும்போது, நம் பொறுமையும் அவ்வாறே இழுத்துப் பார்க்கப்படுகிறது.