களஞ்சியமும் பாடும்

உணவைச் சேர்த்துவைப்பது அறமா, இறைவன்மேல் வைத்த நம்பிக்கையின் குறையா என்னும் கேள்விக்கு வேளாண் சமூகங்கள் பெரும்பாலும் கட்டடங்களாலேயே விடை சொல்லியிருக்கின்றன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் பெருநிலக்கிழார்கள் ஒரு முற்றத்தைச் சுற்றிக் கல்லால் எழுப்பிய தானியக் கொட்டகைகளும் தொழுவங்களும் அத்தகையவை. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்தில், 1600க்கும் 1634க்கும் இடையே, செங்கல்லால் கட்டப்பட்டு 3,000 கலம் நெல் கொள்ளும் எனச் சொல்லப்படும் வட்டக் களஞ்சியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கோயில் நிலத்து நெல் சுவாமிக்கு உரியது என்பதால், அதைக் காக்கும் சுவரும் வழிபாட்டின் பகுதியாயிற்று. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ‘கொட்டாரம்’ எனப்படும் நெற்களஞ்சியங்கள் நிற்பதும் இக்கருத்தினால்தான்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இந்த விடை செல்லுபடியாவதில்லை. அங்கே நிலைத்த கட்டடங்கள் இல்லாமலில்லை. செம்புரைக்கல்லால் ஆன ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், 1613இல் எழுந்து இன்று இடிபாடாய்க் கிடக்கும் டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டையும், வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட அவர்களது கல்லறைத் தோட்டமும் உள்ளன. ஆனால் மீனவக் குப்பங்களில் களஞ்சியம் என்று ஒன்று எழவேயில்லை. பிடித்த இறால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். உப்பிட்டு மணலில் உலர்த்திய கருவாட்டைத் தவிர, நாளைக்கென எடுத்துவைக்கத் தக்கது எதுவும் வலையில் வருவதில்லை. இதைக் கொண்டு மீனவரை நாளையைப் பற்றிக் கவலையற்றவர் என்று கருதுவது நெல் விளையும் ஊரின் அளவுகோலால் கடற்கரையை அளப்பதாகும்.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் வழங்கிவரும் ‘பாடு’ முறையை இங்கே நினைக்க வேண்டும். உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும் இச்சொல், ஏரியில் வலை கட்டுவதற்குரிய இடத்தையும் அங்கே கட்டும் முறையையும் குறிக்கிறது. தலைக்கட்டு, அதாவது ஊரில் பங்குரிமை பெற்ற குடும்பத் தலைவர், தம் முறை நாளில் நீரோட்டத்தின் குறுக்கே கழிகளை நட்டு, வலையைக் கட்டி, இரவில் வற்றும் நீரோடு முகத்துவாரத்தை நோக்கிப் போகும் இறாலுக்காகக் காத்திருக்கிறார். மறுநாள் அதே இடத்தில் இறால் திரண்டு வந்தாலும் அது வேறொருவருடைய முறை. முதல்நாள் வலை கட்டியவர் கரையில் நிற்க வேண்டியதுதான். இலங்கையின் நீர்கொழும்புக் கடனீரேரியிலும் கட்டுவலை இடங்கள் சீட்டுக் குலுக்கிப் பங்கிடப்படுவது இதற்கு நெருங்கிய வழக்கு. எடுக்காமல் விட்ட மீன் நீரிலேயே இருக்கிறது. அதை எடுக்கும் உரிமை அண்டை வீட்டாரிடம் இருக்கிறது. இதுவும் சேமிப்பே, சுவர் மட்டும் இல்லை.

மாதா கோயிலும் பள்ளிவாசலும் உள்ள பழவேற்காட்டில் அவ்விரு சமயத்தாருக்கும் தெரிந்த யோசேப்பு எகிப்தின் களஞ்சியங்களைப் பஞ்சத்துக்கு முன்னரே நிரப்பியவர். களஞ்சியம் இல்லாத பறவைகளை முன்மாதிரியாகக் காட்டுவதோ நற்செய்தி. பூநாரைகள் கூட்டமாய் மேயும் இவ்வேரியின் கரையில் இவ்விரண்டும் முரண்பட வேண்டியதில்லை. யோசேப்பு பலருக்காகச் சேர்த்தார். பாடும் பலருக்காக விட்டுவைக்கிறது.

ஆயினும் அந்தப் பலர் யார் என்பது கூச்சத்தோடு கேட்கப்பட வேண்டிய கேள்வி. தலைக்கட்டு உரிமை மரபான ஊரின் ஆண்களுக்கே உரியது. பெண்களும், பின்னர் மீன்பிடிக்க வந்த பிற சமூகத்தாரும் அதற்கு வெளியே நின்றதால் பூசல்கள் எழுந்ததுண்டு. கோயில் நெல் உழுதவரின் கையிலிருந்து அளந்து எடுக்கப்பட்டதைப் போலவே, பாடு முறையின் நீதியும் தன் எல்லைக்குள் மட்டுமே நீதியாக இருந்திருக்கிறது. முகத்துவாரத்தை மணல் மூடும் கோடையில் இந்த எல்லைகூடப் பொருளிழக்கிறது. கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராதபோது எவருடைய முறை நாளிலும் வலை வெறுமையாகவே ஏறுகிறது.