காரணம் வேறு, குற்றம் வேறு

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்குக் குறை இருப்பதாகத் தெரிந்ததும் பெற்றோர் மருத்துவரிடம் கேட்பது, 'இது எதனால் வந்தது?' வீடு திரும்பியபின் மனசைக் குடைவது, 'நாங்கள் என்ன பாவம் செய்தோம்?' உற்றார் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் விடை வைத்திருக்கிறார்கள்: முன்வினை, குலதெய்வக் குறை, கிரகணத்தன்று வாசலுக்கு வந்தது. காரணமும் குற்றமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்குவதை அறிவியல் ஏற்பதில்லை. சமயமும் ஏற்க வேண்டியதில்லை.

டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே என்பது 1959இல் பிரான்சில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பெரும்பாலும் அது கருமுட்டை பிரியும்போது நேரும் பிழை. அந்தப் பிரிவு தொடங்குவதோ, தாயே தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும் காலத்தில். அதில் யாருடைய நடத்தையைக் குறை சொல்வது? முதுகுத்தண்டுப் பிளவு அப்படியல்லவே, ஃபோலிக் அமிலம் பலருக்கு அதைத் தடுக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான்; 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வு அதை உறுதிசெய்தது. ஆனால் மூடாமல் போனால் இந்தப் பிளவை உண்டாக்கும் கருவின் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாளில் மூடிவிடுகிறது. கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அதற்குள் அறிந்திருக்க மாட்டார்கள். கருத்தரிக்கும் முன்பே மாத்திரை வேண்டும் என்று சொல்லப்படாத பெண்ணைக் குற்றவாளி ஆக்குவது எந்த நியாயம்?

வினையை மறுத்தால் சமயத்தில் என்ன மிஞ்சும் என்பார்கள். வினையை மறுக்கவே தேவையில்லை. மனிதர் அனுபவிப்பதெல்லாம் முன்வினைப் பயனா என்று சீவகர் என்னும் நாடோடித் துறவி கேட்டபோது, வினைக்கொள்கையை ஏற்றிருந்த புத்தரே அப்படியல்ல என்றார். பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று பல காரணங்களை அடுக்கி, வினையை அவற்றில் ஒன்றாக மட்டுமே வைக்கிறது சம்யுத்த நிகாயம் என்னும் பௌத்த நூல். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் இவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்ததாக யோவான் நற்செய்தி சொல்கிறது. துன்பப்படுகிறவர் மீது கணக்கெழுதும் பழக்கத்தை மரபுகளே கண்டித்திருக்கின்றன.

என் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாவம் என்றால் பரிகாரம் உண்டு. தற்செயல் என்றால் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. குற்றவுணர்விலும் ஓர் ஆறுதல் இருப்பது மெய்தான். ஆனால் பரிகாரம் செய்தும் அடுத்த ஸ்கேன் மாறாதபோது, பக்தி போதவில்லை என்ற இரண்டாவது குற்றமும் அதே தாயின் தலையில் ஏறுகிறது. மாறாக, குழந்தையைப் பெற்று வளர்ப்பதா, கருவைக் கலைப்பதா என்று அவர்கள் எடுக்கும் முடிவில் துணை நிற்க சமயத்தால் முடியும். கருவுக்குக் கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் 24 வாரத்துக்குப் பின்னும் கருக்கலைப்பை இந்தியாவின் 2021ஆம் ஆண்டுக் கருக்கலைப்புத் திருத்தச் சட்டம் அனுமதிக்கிறது. சட்டம் வழிவிடும், துக்கத்துக்கு அது இடம் தராது. பிறந்து இறந்த சிசுவை அடக்கம் செய்ய மரபில் வழியுண்டு. வயிற்றிலேயே போன பிள்ளைக்குப் பெரும்பாலும் விளக்கில்லை, பெயரில்லை, துக்கம் கேட்க வருவோரும் இல்லை. சமயம் செய்ய வேண்டியது அங்கேதான் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் காரணத்தை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கையில் ஒரு தூக்குச் சோறு கொண்டுபோங்கள்.