யாருடைய கவனக்குறைவு?

வீடு கட்ட முனையும் நாம் அடித்தளத்திற்குக் கருங்கல்லும் தளத்திற்கு ஜல்லியும் வாங்குகிறோம். விலை கேட்கிறோம், தரம் பார்க்கிறோம். அக்கல்லை உடைத்தவரின் கண்கள் நலமா என்று மட்டும் கேட்பதில்லை.

கல்லுடைப்போரின் கண்ணுக்குக் கல்லோடு இரும்பும் பகையே. சம்மட்டியின் அடி விழுந்து விழுந்து உளியின் தலை விரிந்து பிசிறாகிறது. அப்பிசிறு தெறித்துக் கண்ணுக்குள் புகுந்தால், தொடக்கத்தில் வலி அதிகம் இல்லாமலும் போகலாம். ஆனால் உள்ளே தங்கிய இரும்பு நாளடைவில் விழித்திரையைக் கெடுத்துப் பார்வையைப் பறித்துவிடும்.

"கண்ணாடி அணிந்திருக்கலாமே, அவருடைய கவனக்குறைவு" என்று எளிதாகத் தீர்ப்பிடுகிறோம். கொதிக்கும் பாறைக்குழியில் வியர்வையால் கண்ணாடி மங்குகிறது. புழுதி அதைக் கீறுகிறது. உடைத்த அளவுக்கே கூலி என்றால், துடைக்கும் நேரமும் கூலி இழப்பே. அதைக் கழற்றி வைப்பவர் கண்ணின் அருமை அறியாதவர் அல்லர். இன்றைய உணவா, என்றோ வரக்கூடிய இழப்பா என்று தேரும்படி தள்ளப்பட்டவர்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் இதற்கொரு பாடம் வைத்திருக்கின்றன. 1815-இல் டேவி உருவாக்கிய காப்பு விளக்கு, வெடிவிபத்தைத் தடுக்கச் சுடரைக் கம்பிவலையால் மூடியது, ஒளியும் மங்கியது. அவ்விருளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தோரின் கருவிழிகள் தாமே ஊசலாடின. கண்ட பொருளெல்லாம் ஆடின. 1907-இல் இந்நோய் இழப்பீட்டுக்குரியதாயிற்று. ஆயினும் உடல் வளைந்து வெட்டுவதே காரணம் என்றனர் சிலர். நடிப்பு என்று ஐயுற்றனர் வேறு சிலர். ஒளிக்குறைவே முதன்மைக் காரணம் என்று 1922-இல் மருத்துவ ஆய்வுக் குழு அறிக்கை தந்தது. நல்ல மின்விளக்குகள் பரவியபின் நோய் அருகியது. விளக்கின் குறையைத் தொழிலாளியின் மேல் சுமத்திய காலம் அது.

அப்படியானால் தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. ஆனால் பொறுப்பு, மாற்றும் வல்லமைக்கு ஏற்ப அமைய வேண்டும். உளியின் தலையைத் தேய்த்துச் சீராக்கவும், மங்காத கண்ணாடி தரவும், அதைத் துடைக்கும் நேரத்துக்கும் கூலி கொடுக்கவும் குத்தகைதாரரால் முடியும், கூலியாளால் முடியாது.

தேவையானவை பெரிய செலவும் அல்ல. நேபாளத்தின் பக்தபூரில் கருவிழிக் கீறலுக்குக் கிராம நலப்பணியாளர்களே கிருமிக்கொல்லிக் களிம்பு இட்டனர். 18 மணி நேரத்திற்குள் களிம்பு பெற்றவர் எவருக்கும் புண் உண்டாகவில்லை என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பார்வை போனபின் கண் மருத்துவ முகாம் நடத்துவது பிறரன்பு. போகாமல் காப்பது நீதி. முன்னதற்கு நன்கொடை தரும் நாம், பின்னதற்காக ஒரு கேள்வியாவது கேட்கலாம். அடுத்த முறை ஒரு லாரிக் கல்லுக்கு விலை பேசும்போது, உடைத்தவருக்குக் கண்ணாடி உண்டா, களிம்பு உண்டா என்று கேட்போம். அதனால் விலை சற்று ஏறினால், அதை மறுக்காமல் கொடுப்போம்.