அன்னையின் மௌனம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரரை மணந்து, கடல் கடந்து சென்ற ஜப்பானியப் பெண்கள் பல்லாயிரவர். அவர்களுள் மூவரின் வாழ்வை, அவர்தம் மகளிரே ஆவணப்படமாக்கி 2015-இல் வெளியிட்டனர். மூவருள் ஒருவரான ஹிரோகோ, தமக்குப் பிடித்த கிமோனோவை உடுத்தி, எல்மிரா என்னும் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருந்த மாமனார் மாமியாரைக் காணச் சென்றார். உடனே உடையை மாற்றச் சொன்னார்கள். பெயரையும் ‘சூசி’ என்று மாற்றிவிட்டார்கள்!

மகள் கேத்ரின் டோல்பர்ட் செய்தியாளர். வினவுவது அவர் தொழில். ஆயினும், ஈன்றவள் விழுங்கிய துயரை ஊரறியச் சொல்லவைப்பது முறையா? அந்த மாமியாரும் மகளுக்குப் பாட்டியன்றோ! அவர் தரப்பை யார் சொல்வது?

முறையே என்பது என் துணிபு. சொல்லாதவை தாயோடு மறைந்துபோகும். ஆனால், படக்கருவியை நிறுத்தச் சொல்லும் உரிமை தாய்க்கே உரியது.

1991 டிசம்பரில், காவிரிப் பூசலையொட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டதைக் கண்ட அன்னையர் நம் இல்லங்களிலும் உளர். அவர்தம் மௌனத்தில் அச்சம் மட்டுமா உள்ளது? அடைக்கலம் தந்த கன்னட அண்டை வீட்டாரிடம் கொண்ட நன்றியும் இருக்கக்கூடும். நம் இளைஞர் அவர்களிடம் கேட்கட்டும். முதல் நாள் மட்டும் படக்கருவியின்றிச் செல்லட்டும்.